எஞ்சின் நின்ற மத்தியானம்

தார்ப்பாயக்கா இருமத் தொடங்கினால் அந்தத் தெருவில் பேச்சு நின்றுபோகும். பேசிக்கொண்டிருந்தவர்கள் அவள் இருமி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அதை மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த இருமலுக்கு மேலே யாருடைய குரலும் எடுபடாது, அவ்வளவுதான்.

துறைமுகத்து மதிலை ஒட்டி வளைந்து போகும் தெருவில் கடைசி வீடு அவளுடையது. கீழே தையல் அறை. மேலே ஒரு அறையும் சமையல்கட்டும். அதற்கும் மேலே மொட்டை மாடி. வீட்டைத் தாண்டினால் கம்பி வேலி, வேலியைத் தாண்டினால் பழைய படகுத்துறை, அப்புறம் தண்ணீர்தான். லாரிகள் மேல் போர்த்துகிற தார்ப்பாய், படகுகளுக்கான உறை, சரக்கு மூடும் கான்வாஸ் என்று முரட்டுத் துணியாக எது வந்தாலும் அவள்தான் தைத்துக் கொடுப்பாள். அவளுடைய மிஷின் ஓடினால் தரை அதிரும். வெளிச்சத்துக்காக அதைச் சன்னலோரம் போட்டிருந்தாள். சன்னலுக்கு நேரே துறை. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு கரி படியும். வெள்ளைக் கான்வாஸ் வந்தால் அதன்மேல் பழைய போர்வையைப் போட்டுக்கொண்டுதான் தைப்பாள்.

அவள் புருஷன் டக் படகில் எஞ்சின் டிரைவர். கடலில் மலை மாதிரி வருகிற கப்பல், துறைமுகத்துக்குள் நுழைந்ததும் கைக்குழந்தை மாதிரி ஆகிவிடும். தானாகத் திரும்பத் தெரியாது, தானாக நிற்கத் தெரியாது. அதை முட்டித் தள்ளியும் கயிறு போட்டு இழுத்தும் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது டக் படகின் வேலை. படகு குட்டையாக, கொழுகொழுவென்று இருக்கும். ஆனால் அதன் வயிற்றுக்குள் இருக்கிற எஞ்சின் ஒரு சின்ன வீட்டளவு. அந்த எஞ்சினைத்தான் அவர் பார்த்துக்கொண்டார். அதன் சத்தம் கொஞ்சம் மாறினாலும் சாப்பிடுகிற கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அவளுக்கு மூச்சு அடைத்தது. தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மிஷின்மேல் சாய்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அந்த நேரத்தில் எஞ்சின்காரர் கடல்வாயில் ஒரு கப்பலைத் தள்ளிக்கொண்டிருந்தார். சேதி அவருக்கு வந்து சேர்ந்தபோது அவள் ஆக்சிஜன் முகமூடியில் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அன்றைக்கே அவர் படகை ஓட்டுகிற மாஸ்டரிடம் போய் நின்றார்.

"கப்பலுக்கும் கப்பலுக்கும் நடுவுல சும்மா நிக்கிற நேரத்துல நம்ம படகை அந்தப் பழைய துறையில கட்டலாமா அண்ணே? வீட்டுச் சன்னல் தெரியும். ஒண்ணுன்னா ஓடிடுவேன்."

மாஸ்டர் நல்ல மனுஷன். "கட்டிக்கோ. ஆனா எஞ்சினை அணைக்கக் கூடாது. ரேடியோவுல எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாது. ஆறிப்போச்சுன்னா இது கிளம்ப மாட்டேன்னு அடம் பிடிக்கும், உனக்கே தெரியும்" என்றார்.

அன்றிலிருந்து படகு அங்கேதான் நின்றது. மேல்தளத்தில் நின்றுகொண்டு எஞ்சின்காரர் சன்னலைப் பார்ப்பார். அவள் தலை தெரிந்தால் கையை ஆட்டுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வேலிக் கதவு வழியாக வந்துவிடுவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மத்தியானச் சாப்பாட்டை அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான். இருமலுக்கு ஒரு விதத்தில் நன்றிகூடச் சொல்லலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் இருமல் விடவில்லை, கூடிக்கொண்டே போனது. மாத்திரை மாற்றினார்கள், மருந்தை உறிஞ்சுகிற குழாயை மாற்றினார்கள். கடைசியில் டாக்டர், "காத்தை மாத்துங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சொல் உள்நாட்டில் இருக்கிற அவளுடைய அக்காவின் காதுக்குப் போய்ச் சேர்ந்ததும், அக்கா ஒரு காலிப் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். பெட்டி தங்கச்சியின் துணிகளை வைக்க.

"தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் அக்கா, எஞ்சின்காரர் சாப்பிட உட்கார்ந்ததும்.

"சொல்லுங்க அண்ணி."

"நீங்க தப்பா எடுத்துக்கிட்டாலும் சொல்லத்தான் போறேன். இவளை நான் கூட்டிட்டுப் போறேன். எங்க ஊர்ல கடலும் கிடையாது கப்பலும் கிடையாது. சன்னலைத் திறந்தா மரம்தான்."

"மரத்துக்கா நான் தார்ப்பாய் தைக்கிறது?" என்றாள் தார்ப்பாயக்கா.

"நீ ஒண்ணும் தைக்க வேணாம். மூச்சு விடு, அது போதும்."

எஞ்சின்காரர் வறுத்த மீனை முள் எடுத்து எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை. "போயிட்டு வரட்டும் அண்ணி. லீவு கிடைக்கிறப்ப நான் வந்து பாக்கறேன்" என்றார்.

"லீவா? கப்பல் என்ன உங்களைக் கேட்டுக்கிட்டா வருது?" என்றாள் தார்ப்பாயக்கா. "ஒரேயடியா கிளப்பி விடப் பாக்கறீங்களா?"

"நான் ஏம்மா கிளப்பறேன்? அதோ நிக்குது பாரு, அதைக் கேளு." சன்னல் வழியாகத் தெரிந்த பெரிய கப்பலைக் காட்டினார். சரக்குத் துறையில் நின்றுகொண்டிருந்த அதன் புகைபோக்கியிலிருந்து கறுப்பாக ஒரு வால் நீண்டுகொண்டிருந்தது. "கரையில நிக்கிறப்பவும் உள்ள விளக்கு எரியணும், மோட்டார் ஓடணும்னு எஞ்சினைப் போட்டு வச்சிருக்கான். நம்ம வீட்டைப் பாழாக்கறது அவன்தான். கேக்க நாதியில்ல."

கேட்க ஒருத்தி அந்த வாரமே வந்தாள்.

துறைமுகத்தில் காற்றை அளக்கிற வேலையில் இருந்த பெண் அவள். கப்பல்கள் விடுகிற புகை எந்தத் தெருவுக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்க, பெட்டி பெட்டியாகக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். தெருக்காரர்கள் அந்தக் கருவிக்கு 'மூக்கு' என்று பேர் வைத்தார்கள். அதனால் அவள் மூக்கம்மா ஆனாள். அவளுக்கே அது தெரியும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

துறையை ஒட்டிய கடைசி வீடு என்பதால் மொட்டை மாடியைக் கேட்டு வந்திருந்தாள். எஞ்சின்காரர் கருவிப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மேலே போனார்.

"வைங்கம்மா, நல்லா வைங்க. இதுல வர்றதை அந்தக் கப்பல்காரன் மூஞ்சிக்கு நேரா காட்டுங்க."

அக்காவும் பின்னாலேயே ஏறிவந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு குழாய், உள்ளே சின்னதாக ரீங்காரம், பக்கத்தில் காற்றின் திசை பார்க்கிற தகடு.

"இது புகையை உறிஞ்சிடுமா?"

"இல்லம்மா, காத்துல எவ்வளவு கரித்தூள் இருக்குன்னு மோந்து பாக்கும், அவ்வளவுதான்."

"மோந்து பாக்கத்தான் என் தங்கச்சி இருக்காளே. இதுக்கு எதுக்கு ஒரு பெட்டி?"

மூக்கம்மா சிரித்தாள். "உங்க தங்கச்சி இருமுவாங்க. யாரால இருமறாங்கன்னு இது சொல்லும்."

பெட்டி மாடியில் தன்பாட்டுக்கு ஓடியது. தைத்துக்கொண்டிருக்கும்போது தார்ப்பாயக்காவுக்கு அதன் நினைப்பு வரும். தனக்காக ஒன்று மேலே உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்கிறது என்பதே ஆறுதலாக இருந்தது. அக்கா அதற்குள் தங்கச்சியின் பாதித் துணியை மடித்துத் தான் கொண்டுவந்த பெட்டியில் வைத்துவிட்டாள். அக்கா மடித்து வைப்பதை அவள் எடுத்து உடுத்திக்கொள்வாள், அதை மறுபடி அக்கா துவைத்து மடிப்பாள். இப்படியே சில நாள் போயிற்று.

ஒருநாள் காலை வேலை முடிகிற நேரத்தில் மெழுகு பூசிய கான்வாஸைக் காயப்போட அவள் மாடிக்கு ஏறினாள். மூக்கம்மா அங்கே கால்நீட்டி உட்கார்ந்து மடியில் சின்னத் திரையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலிலிருந்து காற்று வரத் தொடங்கியிருந்தது. சரக்குத் துறையில் நின்ற பெரிய கப்பல் அப்போதுதான் கிளம்பியது. கிளம்புகிற வேகத்தில் அதன் புகைபோக்கி குபுகுபுவென்று கறுப்பாகக் கக்கியது.

"போச்சு. இப்ப ஏறும் பாருங்க" என்றாள் தார்ப்பாயக்கா, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

திரையில் இருந்த எண் கொஞ்சம் அசைந்தது. ஏறவில்லை.

"இது சரியா மோந்து பாக்குதா?"

"பாக்குதுக்கா. மேல பாருங்க." மூக்கம்மா கையைக் காட்டினாள். புகை அவர்கள் தலைக்கு வெகு உயரத்தில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. "புகைபோக்கி அவ்வளவு உசரம். உங்களைத் தாண்டிப் போய் மேட்டுத் தெருவுல இறங்கும். அங்க ஒரு பெட்டி வச்சிருக்கேன், அது இப்ப கத்திக்கிட்டிருக்கும்."

"அப்ப எங்களுக்கு வர்றது?"

திரையை அணைக்கப் போன மூக்கம்மா, என்ன நினைத்தாளோ, அணைக்காமல் அப்படியே வைத்தாள்.

கப்பலை வெளியே விட்டுவிட்டு டக் படகு திரும்பி வந்தது. வந்து, தன்னுடைய இடத்தில், பழைய துறையில், கயிறு போட்டுக் கட்டிக்கொண்டது. எஞ்சின் டுபுடுபுவென்று ஓடியபடியே இருந்தது. அதன் குட்டைப் புகைபோக்கியிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய நீலப் புகை வந்தது. காற்று அதை அலுங்காமல் வாங்கி வேலிக்கு மேலே தள்ளி, சன்னல் பக்கமாக ஏற்றியது.

திரையில் எண் மாறியது. மாறி, ஏறி, நிற்காமல் ஏறிக்கொண்டே போனது.

மேல்தளத்துக்கு வந்த எஞ்சின்காரர், மனைவி மாடியில் நிற்பதைப் பார்த்துவிட்டு வழக்கத்தைவிட உற்சாகமாகக் கையை ஆட்டினார். அவளும் பதிலுக்குக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை ஆட்ட மறந்து நின்றாள்.

"ஏம்மா, இது..."

"முதல் நாளே பாத்துட்டேன்க்கா. நம்பாம குழாயை மாத்திப் போட்டுப் பாத்தேன். தினமும் இப்படித்தான். படகு வந்தா ஏறுது, போனா இறங்குது. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் உக்காந்திருந்தேன்."

தார்ப்பாயக்கா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரிப்புத்தான் முதலில் வந்தது, அப்புறம் இருமல் வந்து அதை மூடியது. இருமல் அடங்கியதும் மூக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க."

"அக்கா, எழுதித் தரத்தான் என்னை அனுப்பியிருக்காங்க."

"எழுதுங்க. எந்தப் படகுன்னு எழுதாதீங்க. எனக்காகத்தான் அங்க கொண்டாந்து கட்டினாரு. இது தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிருவாரு."

"தப்பு அவர்மேல இல்லக்கா. இடம் அப்படி, காத்து அப்படி. இது தீராத வியாதியும் இல்ல. ஆனா நான் மறைச்சா நீங்க பெட்டி கட்டிக்கிட்டுப் போவீங்க, படகு இங்கயே நின்னு உங்க பக்கத்து வீட்டை இரும வைக்கும்."

அதற்குள் எஞ்சின்காரர் படியேறி வந்துவிட்டார். எல்லோருமாகச் சாப்பிட உட்கார்ந்ததும், "என்னம்மா, மாட்டினானா கப்பல்காரன்?" என்று மூக்கம்மாவைக் கேட்டார். மூக்கம்மா தார்ப்பாயக்காவைப் பார்த்தாள். தார்ப்பாயக்கா, "பெட்டி இன்னும் பாத்துக்கிட்டிருக்காம்" என்றாள்.

"இன்னும் என்னத்தைப் பாக்கறது?" என்று அக்கா குறுக்கே வந்தாள். "இப்பக்கூட மேல இருமினது எனக்குக் கீழ வரைக்கும் கேட்டுச்சு. தம்பி, நாளைக்குக் காலைல பஸ். நான் சொல்லிட்டேன்."

எஞ்சின்காரர் தலையை ஆட்டினார். "கூட்டிட்டுப் போங்க அண்ணி. இங்க வச்சிருந்து இவளை நான் சாகடிக்க முடியாது."

அந்த வார்த்தை தார்ப்பாயக்காவைச் சுரீரென்று சுட்டது. அவர் கைகழுவிவிட்டுக் கீழே போகத் திரும்பியபோது சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் மாடிக்கு வாங்க."

மாடியில், மூக்கம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள்தான் சொன்னாள். சுற்றி வளைக்காமல், நாலு வார்த்தையில். எஞ்சின்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் முகம் மாறியது.

"என் எஞ்சினா? துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கேன்மா அதை. அதுல முகம் பாக்கலாம்." மூக்கம்மா பக்கம் திரும்பினார். "பெரிய கப்பல்மேல கை வைக்க பயம், அதனால எங்களைப் பிடிக்கறீங்க. அப்படித்தானே?"

"பெரிய கப்பலையும் விடலண்ணே. அது எரிக்கிற எண்ணெயில எவ்வளவு கந்தகம் இருக்குன்னு தனியாப் பாக்கறோம். கரையில நிக்கிறப்ப எஞ்சினை அணைச்சிட்டுக் கரண்டை நாங்க குடுக்கறோம்னு பேசிக்கிட்டிருக்காங்க. அது மேட்டுத் தெருவுக்கு வேணும். இந்தச் சன்னலுக்கு வர்றது உங்க படகு."

"பெட்டி பொய் சொல்லுது."

"அணைச்சுப் பாருங்களேன்."

அவர் தடதடவென்று இறங்கிப் போனார். வேலிக் கதவு அறைந்து சாத்திய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் நின்றது. அவர் மேல்தளத்துக்கு வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார். அவருக்குத் திரை தெரியாது, தார்ப்பாயக்காவைத்தான் தெரியும். எண் இறங்க இறங்க அவள் கையை மெல்லக் கீழே கொண்டுவந்தாள், இடுப்பு வரைக்கும், முட்டி வரைக்கும்.

அவர் உள்ளே போய் மறுபடி எஞ்சினைக் கிளப்பினார். அது இருமிக்கொண்டே கிளம்பியது. அவள் கை மேலே போனது, தலைக்கு மேலே. அணைத்தார், கை இறங்கியது. கிளப்பினார், ஏறியது. ஒருதடவை, எஞ்சின் நின்றிருக்கும்போதே கையை உயர்த்திக் காட்டிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. ஒரேயொரு பொய்க் கை. பெட்டி தப்பு என்று அவர் நிம்மதியாகப் போய்விடுவார். கை அரைவாசி எழுந்தும்விட்டது. அப்புறம் இறக்கிக்கொண்டாள்.

மாஸ்டர் வெளியே வந்து கத்தினார். "என்னய்யா பண்றே? எஞ்சினை வச்சு விளையாடறியா?"

எஞ்சின்காரர் துறையில் இறங்கி, கயிறு கட்டுகிற இரும்புத் தூணின்மேல் உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் நின்றேயிருந்தது.

தார்ப்பாயக்கா கீழே இறங்கி வேலியைத் தாண்டிப் போனாள். பக்கத்தில் உட்கார இடமில்லை, எதிரே நின்றாள்.

"உன்னைப் பாத்துக்கத்தான் இங்க கொண்டாந்து கட்டினேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்."

"பாத்துக்கிட்டே..."

"அதுக்கு மேல பேசாதீங்க. இங்க பாருங்க. எனக்கு இப்பத்தான் நிம்மதியா இருக்கு."

"நிம்மதியா?"

"பின்ன? மலை மாதிரி கப்பல், எந்த நாட்டுக்காரனோ. அவனை நாம போய் என்ன பண்ண முடியும்? நீங்கன்னா ஒரு அதட்டு அதட்டி நிறுத்திடலாம்ல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் கேலிதான் இருந்தது. அவருக்குக் கண் கலங்கியது, அதோடு சேர்ந்து சிரிப்பும் வந்தது. முகத்தைத் துடைக்க எண்ணெய்த் துணியை எடுத்தார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு தன் சேலைத் தலைப்பைக் கொடுத்தாள்.

மறுநாள் பஸ்ஸில் யாரும் போகவில்லை. "ஒரு வாரம் பாக்கறேன், அதுக்கப்புறமும் இருமினா தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று அக்கா பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். படகு அன்றே இடம் மாறியது. கடலுக்குள் நீண்டிருக்கும் கல் அணையின் நுனியில், காற்று எல்லாப் பக்கமும் அடித்துக்கொண்டு போகிற இடத்தில் கட்டினார்கள். எஞ்சின்காரரின் மத்தியானச் சாப்பாடு மறுபடியும் டப்பாவுக்குள் போனது. தனியாகச் சாப்பிடுவது தார்ப்பாயக்காவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதிரி ஆரம்பித்த இருமல் பாதியில் மறந்துபோய் நிற்கிற நாட்கள் வந்தன. ராத்திரி தூக்கம் வந்தது. ஒருநாள் அவள் மிஷினை ஓட்டிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். அக்கா அதைக் கேட்டுவிட்டு, தங்கச்சியின் துணிகளை எடுத்து வெளியே வைத்தாள், தன் துணியை அந்தப் பெட்டியில் வைத்துக் கட்டினாள்.

"போறியாக்கா?"

"பின்ன, நீ பாடறதைக் கேட்டுக்கிட்டு இருக்கவா? இருமலே தேவலாம்."

துறைமுகத்தில்தான் பாடு பெரிதாக இருந்தது. சும்மா நிற்கும்போது எல்லாப் படகும் எஞ்சினை அணைக்க வேண்டும் என்று பேச்சு அடிபட்டதும், மற்ற டக் படகுக்காரர்கள் எஞ்சின்காரரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உன் வீட்டு இருமலுக்கு நாங்க எஞ்சினை ஆறவிட்டு, கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்பாம திட்டு வாங்கணுமா?" என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இதற்காகத் துறைமுக அலுவலகத்தில் கூட்டிய கூட்டத்தில் மூக்கம்மா தன் அளவுகளைச் சொன்னாள். பெரிய அதிகாரி, "டக் படகெல்லாம் சின்னது, அதுல என்ன வந்துடப் போகுது" என்று இழுத்தார். அப்போது மாஸ்டர் எழுந்து, "சின்னதுதான் சார், ஆனா எங்க மூக்குக்குப் பக்கத்துல இருக்கு" என்றார். அதற்கப்புறம்தான் பேச்சு வேலைக்கு வந்தது. கரையிலிருந்து படகுக்குக் கரண்டு கொடுத்து, அதில் எஞ்சினைக் கதகதப்பாக வைத்துக்கொண்டால் கூப்பிட்டதும் கிளம்பிவிடும். புகையும் வராது. முதலில் ஒரு துறையில் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. எந்தத் துறை என்று கேட்டதற்கு எஞ்சின்காரர் முந்திக்கொண்டு கையைத் தூக்கினாராம்.

பள்ளம் தோண்டினார்கள், கேபிள் இழுத்தார்கள், ஆளுயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி நட்டார்கள். மழை வந்து வேலை நின்றது, மறுபடி தொடங்கியது. ஒருவழியாக ஒருநாள் டக் படகு பழைய துறைக்குத் திரும்பி வந்தது. கயிறு கட்டினார்கள், தடியான கறுப்பு வயரை மாட்டினார்கள். எஞ்சின் நின்றது. மொட்டை மாடியிலிருந்து மூக்கம்மா படகை எட்டிப் பார்த்து, திரையைப் பார்த்து, கீழே குனிந்து, "ஒண்ணும் இல்லக்கா!" என்று கத்தினாள். அப்படிக் கத்தவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் படகில் வந்து மோதுகிற சத்தம்கூட அன்றைக்குக் கேட்டது.

படகுக்காரர்களுக்கு அது உறைக்கவில்லை. காலமெல்லாம் எஞ்சினுக்கு மேலே குரலை எழுப்பியே பேசிப் பழகியவர்கள். மேல்தளத்தில் டீ குடித்துக்கொண்டு எப்போதும்போல் பேசினார்கள். எஞ்சின்காரரின் குரல் வேலியைத் தாண்டி, சன்னலுக்குள் வந்து, தெருமுனை வரைக்கும் போனது.

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்னண்ணே, அவ அக்கா பெட்டியோட வந்து நின்னப்ப எனக்கு உசிரே போயிடுச்சு. அவ போயிட்டா அந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? ஒருநாள் எஞ்சின் ரூம்ல உக்காந்து அழுதுட்டேன்."

தார்ப்பாயக்கா மிஷினை நிறுத்தினாள். தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை மறந்து திரும்பினார்கள்.

"அவகிட்ட சொல்லிடாதீங்கண்ணே" என்றது குரல், ரகசியம் பேசுகிற பாவனையில். "தெரிஞ்சா என் தலைமேல ஏறி உக்காந்துக்குவா."

அவள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். மூச்சை நன்றாக இழுத்தாள். அது தடங்கலில்லாமல் உள்ளே போனது.

"ஏறி உக்காந்தாச்சு!" என்று கத்தினாள். "சாப்பாடு ஆறுது, வாங்க!"